மறைந்திருக்கும் துணை

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

கனமான விண்மீன்களில் பெரும்பாலானவை தனியாக இருப்பதில்லை; ஜோடியாகத்தான் சுற்றுகின்றன. ஜோடியில் ஒன்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மற்றதன் ஆட்டம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். விண்மீன் நம்மை நோக்கி வந்தால் அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகினால் சிவப்புப் பக்கம். பி.எஸ்ஸி.யில் நாம் படித்த அதே டாப்ளர் விளைவுதான்! இந்த அசைவை அளந்து, தெரிகிற விண்மீனின் நிறையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மறைந்திருப்பதன் நிறை குறைந்தது இவ்வளவு என்று வந்துவிடும்.

2020 மே மாதம் இப்படி ஒரு கணக்கு உலகச் செய்தியானது. தென் வானில் எச்.ஆர். 6819 என்று ஒன்று, சுமார் 1,000 ஒளியாண்டு தூரத்தில். அதில் ஒரு விண்மீன் 40 நாளுக்கொரு முறை எதையோ சுற்றுகிறது. இன்னொரு விண்மீன் அசையாமல் தள்ளி நிற்பதுபோல் தெரிந்தது. மறைந்திருப்பது சூரியனைப்போல் 4 மடங்காவது இருக்கும், ஆகவே அது கருந்துளை என்றார்கள். பூமிக்கு மிக அருகிலுள்ள கருந்துளை என்று பத்திரிகைகளெல்லாம் எழுதின.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழுவினருக்குச் சந்தேகம் வந்தது. ஆடுகிற விண்மீன் உண்மையிலேயே கனமானதுதானா? மேலுறையைத் துணையிடம் பறிகொடுத்து, உப்பிப்போய், பார்வைக்கு மட்டும் கனமாகத் தெரியலாமே? அப்படியானால் துணை வேறெங்கும் இல்லை. "தள்ளி நிற்கும்" அந்த இரண்டாவது விண்மீனேதான். அது கனமானது, அதனால் குறைவாக அசைகிறது. வேகமாகத் தன்னைத்தானே சுற்றுவதால் அதன் கோடுகளும் அகன்றுவிட்டன. சிறு அசைவு அதில் கண்ணுக்குப் படவில்லை.

யார் சொல்வது சரி? இரண்டு குழுவும் சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லைங்க. ஒன்றாக உட்கார்ந்து ஒரு சோதனையை முடிவு செய்தார்கள். விண்மீன்கள் இரண்டும் தூர தூர இருந்தால் கருந்துளை உண்டு. நெருங்கி இருந்தால் இல்லை. சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்துப் பார்த்தார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளியில் இரண்டும் நின்றன. கருந்துளை இல்லை! 2022 மார்ச்சில் வந்த அந்தக் கட்டுரையில் முதலில் அறிவித்தவர்களும் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள்.

அதே ஆண்டு ஜூலையில், சந்தேகப்பட்ட குழுவைச் சேர்ந்தவர்களே ஒரு கருந்துளையை அறிவித்தார்கள். பெரிய மெகல்லன் மேகத்தில் ஏறத்தாழ 1,000 கனமான விண்மீன்களைச் சலித்துக் கிடைத்த ஒன்று, வி.எப்.டி.எஸ். 243. சூரியனைப்போல் 25 மடங்கு கனமான விண்மீன், அதோடு 10.4 நாளில் சுற்றிவரும் இருண்ட துணை, குறைந்தது 9 மடங்கு. அந்த நிறையில் சாதாரண விண்மீன் இருந்தால் நிறமாலையில் தெரிந்தே ஆகவேண்டும். தெரியவில்லை. இவர்கள் சொன்னபோது உலகம் ஏன் காது கொடுத்தது என்று உங்களுக்கே புரியும்.

தம்பி தங்கைகளே, லேபில் விடை வந்ததும் ரெக்கார்டை மூடிவிடாதீர்கள். கணக்குக்குள் போட்ட முதல் எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்பவர் உங்கள் எதிர்க்கட்சியாக இருந்தால், அவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.