மோட்டார் வண்டியின் குற்றக் குறியை அழித்தல்

(கே.ஜி.கண்டிகையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியில் தமிழ் கற்பிக்கும் யாம் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச எழுந்தமை உங்களிற் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். யாம் இலக்கணம் பயின்றவரேயன்றி யந்திரம் பயின்றவரல்லோம். ஆயினும் சென்ற கூட்டத்தில், பழைய கார் வாங்கக் கடன் கேட்கும் இளைஞர்க்கு நமது நிதியிலிருந்து இனி உதவலாமா ஆகாதா என்னும் வழக்கு எழுந்து, முடிவு காணாமலே நின்றது. அதனை விசாரித்து வந்து சொல்லும்படி காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தார்கள். தணிகை வேலனைச் சிந்தித்து, யாம் கேட்டும் கண்டும் அறிந்தவற்றைச் சொல்லத் தொடங்குகின்றோம்.

நம் பிள்ளைகளிற் பலர் இன்று வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கின்றனர். திருத்தணி ரயிலடியில் இறங்குவோரை மலைக்கு ஏற்றுவதும், சோளிங்கருக்கும் திருப்பதிக்கும் யாத்திரிகரைக் கொண்டு செல்வதும் அவர்கள் தொழில். நம் பாட்டனார்க்கு ஏரும் காணியும் எவ்வாறோ அவ்வாறே இவர்கட்கு அந்த வண்டி. அது படுத்தால் வீட்டில் அடுப்பும் படுக்கும்.

நடந்ததைச் சொல்லுவோம். சென்ற ஆண்டு ஆடிக் கிருத்திகைக்குச் சில நாள் முன்னர், நம் இளைஞர் ஒருவர் நிதியிற் கடன் பெற்று, தாயாரின் வளையல்களையும் அடகு வைத்து, ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கினார். விற்றவரும் நம் மரபினரே. பெயர் வேண்டா, ஊரும் வேண்டா. வண்டி வாங்கிய நாலாம் நாள் யாத்திரிகர் நால்வரை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் புறப்பட்டார். நகரியைக் கடந்து புத்தூரை நெருங்குகையில், ஓட்டுவோர் முன்னுள்ள பலகையில் எஞ்சின் வடிவான மஞ்சள் விளக்கு எரிந்தது. மலைப்பாதையில் ஏறும்போது அது விட்டுவிட்டு மின்னிற்று, வண்டி இழுக்கவில்லை. யாத்திரிகர் வழியிலேயே இறங்கி வேறு வண்டி பிடித்தனர்.

மறுநாள் பிள்ளையின் தந்தையார் எம்மையும் உடன்கொண்டு திருத்தணியில் ஒரு மெக்கானிக்கிடம் சென்றார். அவர் ஸ்கேனரை எடுத்தவுடன், "அழித்துவிட்டால் விளக்கு போய்விடும், வாத்தியார் ஐயா," என்றார். "அழிப்பதற்குமுன் உள்ளதையெல்லாம் காட்டுங்கள்," என்றோம். சுவடியைத் திருத்துவதற்கு முன் உள்ளபடி படித்துப் பார்ப்பது எம் தொழில்வழிப் பழக்கம், அறிவினாற் சொன்னதன்று. அதுவே நல்லதாயிற்று.

இக்காலத்துக் காரில் எஞ்சினை ஆள்வது ஒரு சிறு கணிப்பொறி. மெக்கானிக்குகள் அதனை ஈ.சி.எம். என்பர். காற்று எவ்வளவு புகுகின்றது, தண்ணீர் எவ்வளவு சூடேறியுள்ளது, புகையில் பிராணவாயு எவ்வளவு மிஞ்சுகின்றது என்பனவற்றைச் சென்ஸார்கள் அதற்கு உரைத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு, எடைக் கணக்கில், வேண்டும். இவ்வளவைக் காக்கும்பொருட்டுக் கணிப்பொறி கணந்தோறும் கூட்டியும் குறைத்தும் பார்த்து, அந்த வண்டிக்கு ஒத்த திருத்தத்தைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். சமையற்காரர் ஒருவர் ஒரு வீட்டாரின் நாவறிந்து உப்பிடப் பழகுவது போன்றது இது. ஏதேனும் ஓர் உறுப்பு வரம்பு கடந்தால் கணிப்பொறி ஒரு குறியை எழுதிக்கொள்ளும். சில குறைகளை இரண்டாம் ஓட்டத்திலும் கண்ட பின்னரே விளக்கை ஏற்றும். குறை தோன்றிய வேளையில் வேகம் என்ன, சூடு என்ன என்பனவும் உடன் பதியும்.

குறியாவது ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும். பி-0301 என்றால் முதற் சிலிண்டரில் எரிபொருள் சரிவர எரியவில்லை என்பது. இதனையே நம்மவர் 'மிஸ்ஸிங்' என்பர். பி-0420 என்றால் புகையைத் தூய்மை செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் தளர்ந்தது என்பது. அந்த வண்டியில் இவ்விரண்டும் இருந்தன. முதலது இரண்டாவதைப் பெற்றது என்பது மெக்கானிக்கின் கருத்து. எமக்கும் அது பொருத்தமாகவே பட்டது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே சென்று கன்வர்ட்டரில் எரியும்; உள்ளிருக்கும் கூடு அச்சூட்டில் உருகும். விளக்கு விட்டுவிட்டு மின்னுவது இவ்வபாயத்தை அறிவிக்கவே. அது மின்னும்போது வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்த வேண்டுமேயன்றி மலையேறலாகாது. இதனை நம் இளைஞர்க்கு ஒருவரும் சொல்லிவைக்கவில்லை; அவர்மேற் பழியில்லை. ஆதியில் ஒரு காயிலை மாற்றியிருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்கள் பூசப்பெற்ற கன்வர்ட்டருக்கோ அவருடைய பல மாதச் சம்பாத்தியம் வேண்டும்.

இனி, யாம் அழிக்கவொட்டாது தடுத்ததனால் வெளிப்பட்ட செய்தி. குறிகளை அழித்தபின் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்னும் கணக்கும் கணிப்பொறியில் உண்டு. ஸ்கேனர் அதனை 212 கிலோமீட்டர் என்று காட்டிற்று. கைமாறிய நாளில் எழுதிய ரசீதில் மீட்டர் காட்டிய எண் குறிக்கப்பட்டிருந்தது. தந்தையார் அதனை எடுத்துக் கழித்துப் பார்த்தார், வந்தது 209. ஆகவே வண்டி கைமாறுதற்கு மூன்று கிலோமீட்டர் முன்னர் எவரோ குறிகளை அழித்திருக்கின்றனர். தந்தையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "நம்மவர் என்றுதானே, ஐயா, வேறு யாரையும் கேளாமல் வாங்கினோம்," என்றார்.

இவ்விடத்தில் யாம் திருக்குறளின் மருந்ததிகாரத்தை எடுத்தோதுவோம் என்று சிலர் எதிர்பார்க்கலாம். அது வகுப்பறையில் இருக்கட்டும்.

இக்குறிகள் வண்டி வைத்திருப்போர்க்கென மட்டும் பிறந்தனவல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தார் புகையால் துன்புற்று, 1988-ஆம் ஆண்டு வண்டிகள் முதல் வண்டியே தன் குறையைச் சொல்ல வேண்டும் என்று விதித்தனர். 1996 முதல் அந்நாடு முழுவதும் ஒரே வகைக் குறியும் ஒரே வகை 16 முள் இணைப்பும் வந்தன. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதியைத் தழுவி 2010 ஏப்ரலில் முதற்படியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியும் நடைமுறைக்கு வந்தன. அந்த இணைப்பு ஸ்டீயரிங்கின் கீழ்ப்புறம் இருக்கும். கைப்பேசியோடு சேர்ந்து இயங்கும் சிறு கருவியொன்று போதும். எவரும் படிக்கலாம், எவரும் அழிக்கலாம்.

அழித்தலே பாவம் என்று யாம் சொல்லவில்லை. பழுதை நீக்கிய பின் குறியை அழித்து, அது திரும்ப வருகின்றதா என்று ஓட்டிப் பார்ப்பது முறையான வேலை. அழியாமல் விட்டாலும், குறை தீர்ந்திருப்பின் தொடர்ந்த மூன்று ஓட்டங்களில் விளக்கு தானே அணையும். எஞ்சின் நாற்பது முறை குளிர்ந்து சூடேறிய பின் குறியும் நீங்கும். தீர்க்காமல் அழிப்பதோ நோயாளியின் சீட்டைக் கிழித்தெறிவது. பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சிறிது நேரம் வைத்து மாட்டும் வழக்கமும் நம்மிடையே உண்டு. பழைய வண்டிகளில் அதனாற் குறி போகும். புதிய வண்டிகள் பலவற்றில் போகாது. போவது கணிப்பொறி கற்றுவைத்த திருத்தம். வீட்டுக்குப் புதிய சமையற்காரர் வந்தது போல எஞ்சின் சில நாள் தடுமாறும், நின்றவிடத்தில் நடுங்கும். அதனை வேறொரு பழுதென்று எண்ணிப் பணம் செலவிட்டவரையும் யாம் அறிவோம்.

விற்றவரைச் சங்கத்துப் பெரியோர் அழைத்துக் கேட்டபோது அவர் சொன்ன விடை எம்மைச் சிந்திக்க வைத்தது. "விளக்கு எரியவில்லை, வண்டியைக் கொடுத்தேன். குறை இல்லையென்று நான் வாயாற் சொன்னேனா?" என்றார். உண்மை, அவர் சொல்லவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17-ஆம் பிரிவைப் பார்த்தோம். வெறுமனே வாய் பேசாதிருத்தல் பொதுவாக வஞ்சனையாகாது என்று அது சொல்லுகின்றது. ஆனால் அறிந்த ஒன்றை முயன்று மறைத்தலை அதே பிரிவு வஞ்சனை என்கின்றது. விளக்கை எரியவிட்டு அவர் மௌனமாய் இருந்திருந்தால், வாங்குவோர் கண் அதனைக் கண்டிருக்கும். அணைத்த கை பேசிய கை. இதனை எடுத்துக் காட்டியபோது அவர் சினந்தார். பின் தம் மூத்த தமையனார் சொற்கேட்டுக் கன்வர்ட்டர் செலவிற் பாதியைக் கொடுத்தார். மீதிப் பாதி இன்னும் நம் நிதிக்கடனோடு அந்தப் பிள்ளையின் தலையில் இருக்கின்றது. இரு குடும்பத்தாரும் பின்னர் நிகழ்ந்த ஒரு திருமணத்தில் முகங்கொடுத்துப் பேசவில்லை.

தனி மனிதரை மட்டும் குறைகூறுவதும் நடுவன்று. வோல்க்ஸ்வாகன் என்னும் ஜெர்மானியக் கம்பெனி, புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் நல்லவிதமாக நடிக்கும்படி டீசல் வண்டியின் கணிப்பொறிக்கே கற்பித்திருந்தது 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிப்பட்டது. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள் அவ்வகையின. நம் நாட்டிலும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை அக்கம்பெனி திரும்ப அழைக்க நேர்ந்தது.

ஆகவே கடனை நிறுத்த வேண்டுவதில்லை என்பது எம் கருத்து. கடன் கொடுக்குமுன் வண்டியை நம் எதிரில் படிக்கச் செய்வோம். சாவியை முதற்படி திருப்பியவுடன், எஞ்சின் ஓடுமுன், அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையெனில் பல்பைக் கழற்றியோ மறைத்தோ இருக்கின்றனர். பின்பு குறிகள் உளவா என்று பார்க்க வேண்டும். அவை இல்லாமை மட்டும் போதாது. கணிப்பொறி தன் உறுப்புக்களைச் சோதித்து முடித்ததா என்னும் பட்டியலை நோக்க வேண்டும். அழித்த உடனே அச்சோதனைகள் முடியாதனவாகிவிடும். மீண்டும் முடியச் சில நாள் ஓட்டம் வேண்டும். அழித்தபின் ஓடிய தூரமும் மிகச் சிறிதாயிருப்பின், விற்பவரை மரியாதையாகவே, "எப்பொழுது, எதற்காக அழித்தீர்கள், எந்த வேலை செய்தீர்கள், ரசீது உண்டா?" என்று கேட்கலாம். வேலை செய்தவர் ரசீதைக் காட்டுவார். காட்ட இயலாதவரிடம் ஒரு வாரம் ஓட்டிய பின் வருமாறு சொல்லலாம். அவர் நம் உறவினராயினும் அவ்வாறே.

இதற்கெனச் சிறு கருவியொன்றைச் சங்கத்தின் பேரால் வாங்கியுள்ளோம். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, வண்டி வைத்திருப்போர் சங்கக் கட்டடத்தின் முன் கொண்டு வந்தால், நம் இளைஞர் இருவர் கட்டணமின்றிப் படித்துச் சொல்வார்கள். வருவோர் அதற்கு முந்தின இரவு பாட்டரியைக் கழற்றி மாட்டாமல் வரும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.