மானாமதுரையில் திறந்த பெட்டி



1952 ஆகஸ்ட் கடைசியில், சென்னையிலிருந்து தனுஷ்கோடி நோக்கிப் போன போட் மெயில் ரயிலில் கேட்பாரற்றுக் கிடந்த டிரங்குப் பெட்டி ஒன்று நாற்றமெடுத்தது. மானாமதுரையில் இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஆண் உடல். தலை பிறகு ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று நம் தாத்தாக்கள் பேசித் தீராத வழக்கு இது.

கொலைக்கான காரணத்தைப் பற்றிப் பேசியது போதும். அந்த உடலின் விரல்களைப் பற்றிச் சொல்கிறேன். முகம் போனால் அடையாளம் போய்விடும் என்று தலையை வெட்டி மறைத்தார்கள். கை மிஞ்சியது. இறந்த ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் இருந்தவர். அங்கே பதிவான கைரேகையோடு உடலின் ரேகை பொருந்தியது. தலையும் உடலும் ஒருவருடையவையே என்பதை சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சி.பி. கோபாலகிருஷ்ணன் ஆராய்ந்து சொன்னார்.

வில், வளையம், சுழி என்று விரல் நுனியில் ஓடும் கோடுகள் தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகின்றன. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட அவை ஒன்றாக இருப்பதில்லை. அவற்றை வகைபிரித்து அடுக்க வழிகண்டவர்கள் அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு வங்காளக் காவல் அதிகாரிகள். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் பிறந்தது. ஆனால் அந்த முறைக்கு அவர்களுடைய மேலதிகாரி ஹென்றியின் பெயரே நிலைத்துவிட்டது. எனக்கு அது இன்றும் மனக்குறைதான்.

ரேகை பொருந்த வேண்டுமானால் முதலில் அது அழியாமல் இருக்க வேண்டும். 1910இல் பிரான்சின் லியோன் நகரில் ஆய்வுக்கூடம் தொடங்கிய எட்மண்ட் லோக்கார் கற்றுத்தந்த பாடம்: இரண்டு பொருள்கள் உரசினால் ஒன்றின் துகள் மற்றதில் ஒட்டும். கொலைகாரனுக்குப் பொருந்துவது, பதறி ஓடிவரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பொருந்தும். பிள்ளைகள் கண்ணில் படக்கூடாதே என்று அவர் திண்ணையைக் கழுவிவிடுகிறார். யாரோ மின்விசிறியைப் போட, தரையில் கிடந்த முடி பறந்துவிடுகிறது. எல்லாம் நல்லெண்ணத்தில் நடப்பவை. அதனால்தான், வாசலில் கயிறு கட்டி, யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்று எழுதிக்கொண்டு நிற்கும் காவலரை ஆய்வுக்கூட விஞ்ஞானிக்குச் சமமாக மதிக்கிறேன்.

இரத்தம் தோய்ந்த ஒரு சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும், மரபணு சிதையும். நிழலில் காற்றாட உலர்த்தி, கறை மறுபக்கம் ஒட்டாதபடி மடிப்புக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்து, காகித உறையில் இட்டு, அரக்கு முத்திரை வைக்க வேண்டும். மேலே தேதி, நேரம், கையெழுத்து. கைமாறும்போதெல்லாம் மறுபடி கையெழுத்து. "இந்த உறை மூன்று நாள் எங்கே இருந்தது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பது மிகப் பெரிய கொடுமை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே செல்ல வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. நல்ல சட்டம். ஆனால் நிபுணர் வந்து சேரும்வரை அந்த அறையைக் காக்கப்போவது பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து முதலில் ஓடிவரும் காவலர். அவரிடம் ஒரு கயிறு, ஒரு நோட்டு, ஒரு ஜோடி கையுறை இருக்கிறதா என்று, இந்த அவையிலுள்ள அதிகாரிகள் நாளைக் காலையே பார்த்துவிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.