இறங்கிய கதவும் டிங்கரின் கண்ணும்

டிங்கரிங் பட்டறை என்றதும் சுத்தியல் சத்தம்தான் நம் நினைவுக்கு வருகிறது. நசுங்கிய மட்கார்டு, ஒடுங்கிய டிக்கி, அப்புறம் பட்டி, பெயிண்ட். ஆனால் ஒரு டிங்கரின் கைத்தரத்தை எடைபோடச் சொன்னால், இறங்கிப்போன கார்க் கதவு ஒன்றைத்தான் நான் அவரிடம் விடுவேன். சுத்தியலுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. பார்த்துப் புரிந்துகொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் மோட்டார், பூட்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு கார்க் கதவை ஒற்றைக் கையால் தூக்குவது கடினம். அந்தப் பாரம் முழுவதும் முன் ஓரத்தில் உள்ள 2 கீல்களில் தொங்குகிறது. மேல் கீலைக் கதவு இழுக்கிறது. கீழ்க் கீலை அழுத்துகிறது. இரண்டு கீலுக்கும் நடுவே 40 சென்டிமீட்டர், கதவின் நீளம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் கீலில் வெறும் 1 மில்லிமீட்டர் ஆட்டம் விழுந்தால், கதவின் பின் முனை இரண்டரை மில்லிமீட்டர் கீழே வந்துவிடும். கதவைச் சுற்றி விட்டிருக்கும் சந்தே நாலைந்து மில்லிமீட்டர்தான். நீளமான கதவு என்றால் இறக்கம் இன்னும் கூடும். 2 கதவு மட்டுமே உள்ள பழைய அமெரிக்கக் கார்களில் இந்தத் தொல்லை அதிகம் இருப்பது அதனால்தான்.

பெரும்பாலும் முதலில் இறங்குவது ஓட்டுநர் கதவு. அதுதானே அதிகம் திறந்து மூடப்படுகிறது! அதோடு, காரை விட்டு இறங்கும்போது கதவின் மேல்விளிம்பில் கையை ஊன்றி எழுகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அப்படி ஊன்றுகிறவரின் பாரமும் கீலுக்கே போய்ச் சேருகிறது.

இனி வைத்தியம். கதவு சரியாகச் சாத்தவில்லை என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டால், அவசரக்காரர் ஒருவர் நடுத் தூணில் இருக்கும் பூட்டுக் கொக்கியின் போல்ட்டைத் தளர்த்தி, கொக்கியைக் கொஞ்சம் கீழே இறக்கி முடுக்கிவிடுவார். ஐந்து நிமிட வேலை. கதவும் சாத்திக்கொள்ளும். இதை நான் ரிப்பேர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தேய்ந்த கீல் தேய்ந்தபடியேதான் இருக்கிறது. ரப்பர் பீடிங் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இடைவெளி விடும். அந்த வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். சில மாதத்தில் கதவு மறுபடியும் இடிக்கத் தொடங்கும்.

தேர்ந்தவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே கதவை ஒரு சாண் திறந்து, பின் முனையைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசைப்பார். அவர் கண் கீலின் மேல் இருக்கும். கீலின் அச்சாணியான பின் (pin) தன் துளைக்குள் ஆடுகிறதா, கீலின் போல்ட் தளர்ந்திருக்கிறதா, கீல் பதிந்திருக்கும் தூணின் தகடே உள்வாங்குகிறதா? மூன்றும் மூன்று வியாதி. மருந்தும் வேறு வேறு. நோயைப் பிரித்தறிகிற இந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் நான் முதல் மதிப்பெண் போடுவேன்.

கீலின் பின் தேய்ந்திருந்தால் அதைக் கழற்றி ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். பின்னைச் சுற்றிய பித்தளை வளையமான புஷ் உட்கார்ந்திருந்த இடத்தில் நகம் இடறுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். பழைய கிரீஸில் பித்தளைத் தூள் கலந்து பொன்னிறச் சேறாக ஒட்டியிருக்கும். புது புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் அதன் விளிம்பு பிதுங்கிவிடும்; ஒரு நீள போல்ட்டும் நட்டும் வைத்து மெல்ல இறுக்கி உள்ளே இழுப்பதுதான் முறை. துளையே நீள்வட்டமாகிவிட்டால் புஷ் மட்டும் மாற்றிப் பயனில்லை, கீல் லேத்துக்குப் போக வேண்டும்.

கீல் போல்ட்டால் பூட்டிய கார்களில் கதவை நகர்த்தி உட்காரவைக்கலாம். முதலில் கொக்கியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அது இருந்தால் கதவைத் தன் பக்கம் இழுத்து உண்மையான நிலையை மறைத்துவிடும். பழைய இடம் தெரிய கீலைச் சுற்றிக் கோடு கிழித்து, ஜாக்கி மேல் மரக்கட்டையும் துணியும் வைத்துக் கதவைத் தாங்கிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக ஏற்றுவார்கள்.

இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் வரிசை. 4 கதவும் கோணியிருந்தால் வேலையைப் பின்கதவில்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பின்னால் உள்ள பக்கத் தகடு உடலோடு வெல்டு ஆனது, நகராது. அதைப் பார்த்துப் பின்கதவு, பின்கதவைப் பார்த்து முன்கதவு, முன்கதவைப் பார்த்து மட்கார்டு. முன்னாலிருந்து தொடங்கியவர், எல்லாப் பிழையும் நகராத தகட்டின் ஓரத்தில் வந்து குவிவதைக் கண்டு மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

வெல்டு வைத்த கீல்களில் இந்த வசதி இல்லை. பின் நன்றாக இருந்து கீல் மட்டும் வளைந்திருந்தால், மரக்கட்டை கொடுத்துப் பக்குவமாக நெம்பி நிமிர்த்துகிறவர்கள் உண்டு. அந்தக் கையழுத்தத்தை அளந்து சொல்ல முடியாது. கொஞ்சம் கூடினால் பெயிண்ட் வெடிக்கும், தூண் தகடு மடங்கும். தேய்ந்த பின்னை மாற்றாமல் இப்படி நெம்புவதை மட்டும் எந்தப் பட்டறையில் கண்டாலும் தடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா என்று பாருங்கள். ஒரு காகிதத்தைப் பீடிங் மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே பிடிப்போடு வர வேண்டும். கடைசியாக, கொக்கியைத் திரும்பப் பூட்டியபின் கதவைச் சாத்தும்போது அது மேலெழும்பவோ கீழே அமுங்கவோ கூடாது. இந்த மூன்றும் தேறினால், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.