பந்து உருளும் நேரத்தை யார் குறிப்பது?

(ஒகேனக்கல்லில் நடைபெற்ற பழைய மாணவர் ஒன்றுகூடலின் முதல் நாள் மாலை ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்து, மீன் வறுவலோடு ஒரு கட்டு கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்னால் பேச நிற்பது பெரிய தைரியம். செயலாளர் என்னிடம், "இருபது நிமிஷம் உன் தொழிலைப் பத்திப் பேசுப்பா. ஆனா ஜனங்களைத் தூங்க வச்சுடாதே" என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்திருக்கிறார். விளம்பர நிறுவனத்தில் முப்பது வருஷம் நான் செய்த வேலை இதுதான்: எந்தச் சோப்பு விளம்பரத்தை, எந்தச் சேனலில், எத்தனை மணிக்குப் போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போடுவது. அந்தக் கணக்கு நாளைக் காலைப் பொதுக்குழுவுக்கும் உதவும்.

ஏனென்றால் நம் சங்கத்தின் கால்பந்துக் கோப்பை பற்றி நாளை ஒரு தீர்மானம் வருகிறது. உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று இறுதி ஆட்டத்தை நேரடியாகக் காட்ட முன்வந்திருக்கிறது. நிபந்தனை ஒன்றே ஒன்று: சாயங்காலம் ஐந்து மணி ஆட்டத்தை ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்ற வேண்டும். மாலையில் அவர்களுக்கு வேறு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. ஸ்பான்சரும் வருவார் என்கிறார்கள். நம்மில் பலருக்கு இது நல்ல யோசனையாகப் படுகிறது. வாக்களிப்பதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிட ஆசைப்படுகிறேன்.

இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும்படியே ஆரம்பிக்கிறேன். இங்கே காலையில் எழுந்ததும் பரிசல்காரர் கேட்கிற முதல் கேள்வி, "தண்ணி எவ்வளவு வருது?" மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் ஆற்றை அளக்கிறது. வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று ஒரு எண் வருகிறது. அந்த எண் ஏறினால் பரிசல் நிற்கும், அருவிக் குளியல் நிற்கும், மீன் வறுக்கிற அடுப்பும் அணையும். தொலைக்காட்சியிலும் அப்படி ஒரு எண் உண்டு. அதன் பெயர் ரேட்டிங். அது இறங்கினால் நிகழ்ச்சி நிற்கும். ஆனால் ஒரு வித்தியாசம். பிலிகுண்டுலுவில் ஓடுகிற ஆறு முழுவதும் கணக்கில் வருகிறது. தொலைக்காட்சியில் சில குடத்துத் தண்ணீரை மொண்டு பார்த்து, ஆறு எவ்வளவு என்று ஊகிக்கிறோம்.

இன்று பார்க் என்கிற அமைப்பு நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்குச் சற்று அதிகமான வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. 2020-இல் அவர்களே போட்ட மதிப்பீட்டின்படி நாட்டில் டிவி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. வகுத்துப் பாருங்கள்: ஒரு மீட்டர் வீடு ஏறக்குறைய 4,000 வீடுகளுக்காகப் பேசுகிறது. இதில் தப்பில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பானையை நன்றாகக் கிளறியிருக்க வேண்டும். 2015-க்கு முன் இருந்த முறையில், பெரும்பாலும் லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில்தான் மீட்டர் இருந்தது. தருமபுரி நகரம் 2011 கணக்கெடுப்பிலும் லட்சத்தைத் தொடவில்லை. பென்னாகரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2015 அக்டோபரில்தான் கிராமங்கள் கணக்கில் சேர்ந்தன. அதுவரைக்கும் நாமெல்லாம் டிவி பார்த்தோமா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது!

சரி, கால்பந்துக்கு வருவோம். 1986 ஜூன் 29 ராத்திரி நம் விடுதியில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பெங்களூரைப் பார்த்து ஆண்டெனாவைத் திருப்பி, பூஸ்டர் போட்டு, கறுப்பு வெள்ளைப் பெட்டியில் புள்ளி புள்ளியாக மாரடோனாவைப் பார்த்தோம். அர்ஜென்டினா 3, மேற்கு ஜெர்மனி 2. நமக்கு ஆட்டம் தொடங்கியது இரவு 11:30. மெக்சிகோவில் அப்போது மணி என்ன? உச்சி வெயில், பன்னிரண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஏழாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில், மூச்சு வாங்குகிற ஊரில், நடுப்பகலில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எதற்காக வைத்தார்கள்? அந்த நேரம் லண்டனில் மாலை ஏழு, ஜெர்மனியில் இரவு எட்டு. குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்க்கிற நேரம். வீரர்கள் முணுமுணுத்தார்கள். மாரடோனாவே வெளிப்படையாகக் குறை சொன்னார். நேரம் மாறவில்லை.

1994-இல் உலகக் கோப்பை அமெரிக்காவுக்குப் போனது. இறுதி ஆட்டம் கலிபோர்னியாவின் பாசடேனாவில், ஜூலை மாதத்தில், பகல் 12:30-க்கு. ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் இரவு 9:30. நமக்கு அதிகாலை 1 மணி. அதே கதைதான்.

அமெரிக்கக் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கால்பந்துக்கும் விளம்பரத்துக்கும் நடந்த முதல் பெரிய சண்டை அங்கேதான். கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒரு இடைவெளி தானாகவே கிடைக்கிறது. விக்கெட் விழுந்தால் இன்னொன்று. ஐபிஎல்லில் அது போதாதென்று டைம் அவுட்டும் உண்டு. அமெரிக்கர்கள் ஆடுகிற ஃபுட்பாலும் அப்படித்தான், நிமிஷத்துக்கு நிமிஷம் நின்று நின்று போகும். நம் கால்பந்து 45 நிமிஷம் ஓடிக்கொண்டே இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் கை நுழைக்க இடமே இல்லை. 1967-இல் சிபிஎஸ் தொலைக்காட்சி அங்கே ஒரு புதிய லீகைக் காட்டத் தொடங்கியது. அந்த மே மாதம் ஒரு ஆட்டத்தில் நடுவராக இருந்த பீட்டர் ரோட்ஸ் பிறகு ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார். அவர் விசில் அடித்த 21 ஃபவுல்களில் 11, விளம்பரம் போட இடம் கொடுப்பதற்காக அடித்தவை! பந்தை நிறுத்தியது காலில்லை நண்பர்களே, சோப்பு. 1968 பருவத்தோடு சிபிஎஸ் விலகிக்கொண்டது.

1990-இல் டிஎன்டி சேனல் ஆட்டம் நடக்கும்போதே விளம்பரத்துக்குப் போய்வந்து ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. 1994-இல் ஏபிசியும் இஎஸ்பிஎன்னும் ஒரு வழி கண்டுபிடித்தன: விளம்பர இடைவெளியே கிடையாது, திரை மூலையில் ஓடும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஸ்பான்சர் சின்னம். ஆட்டமும் கெடவில்லை, காசும் வந்தது. மனசு வைத்தால் வழி உண்டு என்பதற்கு இதை நான் இளைஞர்களிடம் அடிக்கடி சொல்வேன். 2026 உலகக் கோப்பைக்கு வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பாதியிலும் தண்ணீர் குடிக்க மூன்று நிமிஷ இடைவேளை என்று ஃபிஃபா அறிவித்தது. வீரர்களின் நலனுக்காக என்றார்கள். நல்லதுதான். ஆனால் என் காதில் 180 விநாடி என்றுதான் விழுந்தது. எங்கள் தொழிலில் பத்து விநாடிதான் ஒரு அலகு. ஆக, பதினெட்டு விளம்பரம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2018–19 ஐ-லீகில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி சாம்பியன் ஆனது. 2019 மார்ச் 9-ஆம் தேதி மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தியது. கல்கத்தா, கோவாவெல்லாம் கட்டி ஆண்ட ஆட்டத்தில் தமிழ்நாட்டு அணி! எத்தனை பேர் பார்த்தோம்? கை தூக்குங்கள். ...நாலு பேர். மற்றவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் ஐ-லீக் ஆட்டங்களில் சில பிற்பகல் இரண்டு மணிக்கு நடந்தன. ராத்திரி நேரம் ஐஎஸ்எல்லுக்குப் போய்விட்டது. பருவத்தின் நடுவில், 2018 டிசம்பரில், மீதி ஆட்டங்கள் எல்லாவற்றையும் டிவியில் காட்டப் போவதில்லை என்ற அறிவிப்பும் வந்தது. ஆபீஸ் போகிறவன் ஆபீஸில், படிக்கிறவன் பள்ளிக்கூடத்தில். அப்புறம் "ஐ-லீகை யாரும் பார்ப்பதில்லை, ரேட்டிங் இல்லை" என்றார்கள். கடையை நடுராத்திரியில் திறந்து வைத்து, வியாபாரம் இல்லை என்று சொல்வது மாதிரிதான் இது. இன்னும் இரண்டே பருவங்களில் அந்த அணி லீகிலிருந்தே மறைந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பார்க்காத அணிக்காக யார் அழுவார்கள்?

நேரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2014-இல் நம்ம சடுகுடு, புரோ கபடி என்ற பெயரில் மெத்தை விரித்து, விளக்கு போட்டு, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தது. 43.5 கோடி பேர் பார்த்தார்கள் என்று அறிவித்தார்கள். அதே வருஷம் ஐஎஸ்எல்லுக்கு 42.9 கோடி. இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். இந்தக் கோடிகள் "எட்டிப் பார்த்தவர்கள்" கணக்கு. சேனல் மாற்றும்போது ஒரு நிமிஷம் நின்றவனும் இதில் ஒருவன். முழு ஆட்டமும் உட்கார்ந்து பார்த்தவர் கணக்கு வேறு, மிகவும் சிறியது. யாராவது பெரிய எண் சொன்னால், "எத்தனை நிமிஷம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். முப்பது வருஷத்தில் நான் கற்றது அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025-இல் பார்த்தோம். ஐஎஸ்எல் நடத்தும் ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதிய வணிக உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் பார்த்தால் ஒருவர்கூட விலை கேட்டு வரவில்லை. பருவம் தள்ளிப்போய், சுருக்கப்பட்டு, 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. நடுவே மாதக்கணக்கில் வீரர்கள், பயிற்சியாளர்கள், அவர்கள் குடும்பங்கள் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிவி பணத்தை மட்டும் நம்பி நிற்கிற ஆட்டத்தின் நிலைமை இது.

மைதானத்துக்கு வருகிற ஜனத்தை நம்பி நிற்கிற ஆட்டம் ஒன்றும் இருக்கிறது. மலப்புறம் பக்கம் போனவர்கள் செவன்ஸ் பார்த்திருப்பீர்கள். அறுவடை முடிந்த வயலில் தற்காலிக கேலரி கட்டி, விளக்கு போட்டு, ராத்திரியில் ஆடுகிறார்கள். ஏன் ராத்திரி? பகலில் வேலைக்குப் போன ஆள் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாமா? அங்கே நேரம் குறிப்பவர் டிக்கெட் வாங்குகிறவர். மீட்டர் தேவையில்லை, தலையை எண்ணினால் போதும்.

ஆகவே நம் தீர்மானம். நம் இறுதி ஆட்டம் ஏப்ரல் கடைசி ஞாயிறு. அந்த மாதத்தில் நம் மாவட்டத்தின் இரண்டு மணி வெயில் உங்களுக்குத் தெரியும். ஆடப் போகிறவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். சில பையன்களுக்குப் பூட்ஸே நாம்தான் வாங்கித் தருகிறோம். மாரடோனாவுக்கு ஆகாத வெயில் இவர்களுக்கு மட்டும் ஆகுமா? அவர்களுடைய அப்பா அம்மாவும் இரண்டு மணிக்கு நிழலில்லாத மைதானத்துக்கு வரமாட்டார்கள். இன்று ஐந்து மணிக்கு ஆயிரம் பேர் நின்று பார்க்கிற ஆட்டம் அது. அதைக் காலியான மைதானத்தில் ஆடவைத்துக் கேபிளில் காட்டி, யாருக்கு என்ன லாபம்?

டிவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சோற்றைத்தான் முப்பது வருஷம் சாப்பிட்டேன். சேனல்காரர்களிடம் நம் செயலாளர் போய், "ஆட்டம் ஐந்து மணிக்குத்தான். நீங்க படம் பிடிச்சு ராத்திரியோ மறுநாளோ போட்டுக்கோங்க" என்று கேட்கட்டும். பையன் கோல் போட்டதை அவன் பாட்டி மறுநாள் பார்த்தாலும் சந்தோஷம் ஒன்றுதான். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் செல்போன் வைத்திருக்கிற நம் பேரன் பேத்திகளே எடுத்துப் போடுவார்கள்.

இன்னொரு வேண்டுகோள். சங்க நிதியில் இந்த வருஷம் புதிய வெள்ளிக் கோப்பை செய்வதாக ஒரு யோசனை இருக்கிறது. பழைய கோப்பையே நன்றாக மின்னுகிறது. அந்தப் பணத்தை முதல் தவணையாக வைத்து, கல்லூரி மைதானத்துக்கு நான்கு மூலையிலும் நான்கு விளக்குக் கம்பம் நிறுத்தலாம். விளக்கு இருந்தால் ஆட்டத்தை ஏழு மணிக்கும் வைக்கலாம். வேலை முடிந்து வருகிறவர்கள் வருவார்கள். பெண் பிள்ளைகளும் வெயில் தாழ்ந்த பின் பயிற்சி எடுப்பார்கள். சேனலுக்கும் நல்ல நேரம் கிடைக்கும், அப்போது நிபந்தனை போடுவது நாமாக இருப்போம். கத்தாரில் 2022 இறுதி ஆட்டம் நமக்கு ராத்திரி எட்டரைக்கு வந்தது. ஜியோசினிமாவில் மட்டும் 3.2 கோடி பேர் பார்த்ததாக அந்த நிறுவனம் சொன்னது. நம் வீட்டுப் பெண்கள் சீரியலை விட்டுவிட்டு மெஸ்ஸிக்குக் கை தட்டினார்கள். 1986-இல் நாம் திருட்டுத்தனமாக விழித்திருந்து பார்த்த அதே ஆட்டம்தான். மாறியது கடிகாரம் மட்டும்.

கம்பத்துக்கு என் பங்காக ஒரு மாத ஓய்வூதியத்தை இங்கேயே அறிவிக்கிறேன். பொருளாளர் எழுதிக்கொள்ளட்டும். நாளைக் காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. பரிசல் ஏறப் போகிறவர்கள் தயவுசெய்து வாக்களித்துவிட்டுப் போங்கள்.