எல்லோரும் என்றால் யார்?



சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் கட்டுரையில், “அவர்கள் எப்போதும் இப்படித்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்” என எழுதியிருந்தான். “எல்லோரும் என்றால் யார் தம்பி?” என்று கேட்டேன். “பேஸ்புக்கில் பார்த்தேன், சேர்” என்றான். சிவப்புப் பேனா என் கையில் இருந்தது; ஆனால் இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் நடந்ததை அவனுக்குச் சொன்னேன். முஸ்லிம் அன்பர் ஒருவரின் உணவுக்கடையில், கறிக்குள் ஏதோ கட்டி கிடந்தது. கருத்தடை மருந்து கலந்தாயா என்று சிங்களத்தில் அதட்டினார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத அவர், மாவுக்கட்டியைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, ‘ஆம், போட்டோம்’ என்ற பொருள்பட ஏதோ சொல்லிவிட்டார். அந்தச் சில விநாடிகள் ஒளிப்பதிவாகி முகநூலில் பரவின. கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அது வெறும் மாவுக்கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். சொல் முந்திப் போய்விட்டது. உண்மை நடந்து வந்தது.

அடுத்த மாதம் கண்டி மாவட்டத்தின் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் வந்தது. சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. தமது தளம் வன்முறைக்குப் பயன்பட்டதற்காக 2020இல் பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் கூடிய இளைஞர்கள், ‘கோட்டா கோ ஹோம்’ என்று வலைத்தளங்களில் பரவிய முழக்கத்தைச் சற்றே திருப்பி, தம் கூடாரங்களுக்கு ‘கோட்டா கோ கம’ என்று பெயரிட்டார்கள். ‘கம’ என்றால் சிங்களத்தில் கிராமம். முழக்கம் ஊராயிற்று. ஆனால் ‘அரகலய’ என்பதை நாம் ‘போராட்டம்’ என்று பெயர்த்தபோது, வடக்குக் கிழக்கில் அச்சொல் வேறு நினைவுகளை எழுப்பியது. அகராதியில் ஒரே பொருள். கேட்பவர் நெஞ்சில் இரண்டு வரலாறு.

வள்ளுவர் ‘கேள்வி’ என்றோர் அதிகாரம் வகுத்தார். அவருக்கு அது செவியால் கேட்டறிதல்; நமக்கு இன்று வினாவுதல். கைத்தொலைபேசி ஏந்தும் காலத்தில் இரண்டும் வேண்டும். பகிர்வதற்கு முன் ‘யார் சொன்னது?’ என்று ஒரு முறை கேட்டால் போதும்.

மறுநாள் மாணவன் வாக்கியத்தைத் திருத்தி வந்தான்: “அப்படி ஒருவர் எழுதியதைப் பார்த்தேன், உண்மையோ என்று நான் விசாரிக்கவில்லை.”

புள்ளிகளைக் கூட்டிப் போட்டேன்.