பள்ளத்தூர் பாப்பா

முன்வரிசையில் பட்டுச்சேலை கசங்காமல் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, பின்வரிசையில் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு சாப்பாடு. பக்கத்துக் கூடத்தில் வெள்ளைப் பணியாரம் வேகிற வாசனை இங்கே வரை வருகிறது, அதனால் உங்கள் கவனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை.

எனக்குச் சொந்த ஊர் பள்ளத்தூர். ஊர்ப் பெயரைச் சொன்னவுடனே பெரியவர்கள், “அடடே, ஏ.எம்.எம். ஊரா?” என்பார்கள். ஆமாம், அந்தத் தொழில் குடும்பத்தின் ஊர்தான். 1884-ல் பிறந்த முருகப்பச் செட்டியார் 14 வயதில் பர்மாவுக்குத் தொழில் பார்க்கப் போனவர். 1900-ல் மௌல்மெயினில் சொந்தக் கடை போட்டுவிட்டார். உலகப் போரில் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வருவதற்கு முன்பே முதலீட்டை ஊருக்குத் திருப்பிக்கொண்டு வந்த குடும்பம் அது. 1949-ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி. நீங்கள் குரங்குப் பெடல் போட்டு முட்டியைப் பேர்த்துக்கொண்டீர்களே, அந்த ஹெர்குலிஸ்! (கை தட்டுகிறவர்கள் எல்லாருக்கும் முட்டியில் தழும்பு இருக்கும்.) அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்ல இந்த அரங்கிலேயே பத்து ஐயாமார் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது அதே ஊரிலிருந்து கிளம்பிய இன்னொருவரைப் பற்றி. அவருக்குப் பர்மாவும் இல்லை, அங்கே கடையும் இல்லை. 1937-ல் மன்னார்குடியில் பிறந்தார். தகப்பன் கைவிட்டுவிட, பிழைப்புத் தேடித் தாயும் மகளும் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார்கள். தாய் ராமாமிர்தம் வீட்டு வேலை பார்த்தார். மகள் கோபிசாந்தா பள்ளிக்கூடம் போனாள், நன்றாகப் பாடினாள். தாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனதும் படிப்பை விட்டுவிட்டு ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள்.

அப்போதுதான் ஊரில் ‘அந்தமான் கைதி’ நாடகம் போட்டார்கள். பெண் வேஷம் கட்டியவருக்குப் பாட்டு வரவில்லை. பாடத் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, அவளைக் கூட்டிவந்தார்கள். 12 வயசு. பிறகு வைரம் நாடக சபா, எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழு என்று மேடை மேடையாகப் போனார். நாடக வட்டாரத்தில் அவருக்கு வந்த பட்டப்பெயர் ‘பள்ளத்தூர் பாப்பா’. உங்களுக்கெல்லாம் மனோரமா.

ஆ, இப்போதுதான் பின்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது!

1958-ல் ‘மாலையிட்ட மங்கை’யில் அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் கவிஞர் கண்ணதாசன். அவரும் நம்ம சிறுகூடல்பட்டிக்காரர்தான். கதாநாயகி கனவோடு போன பெண்ணுக்கு நகைச்சுவை வேஷம் கொடுத்தார். கதாநாயகியாக நடித்தால் நாலைந்து வருஷத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள், இதில் நின்றால் நிலைப்பாய் என்று டி.ஏ.மதுரத்தை உதாரணம் காட்டிக் கவிஞர் சொன்னதாக மனோரமாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அண்ணா, கலைஞரோடு மேடையில், எம்.ஜி.ஆர்., என்.டி.ஆர்., ஜெயலலிதாவோடு திரையில் என்று ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர். ஆயிரம் படத்துக்கு மேல். கின்னஸ், ‘புதிய பாதை’க்குத் தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10-ம் தேதி போய்ச் சேர்ந்தார். இதெல்லாம் செல்போனில் தட்டினால் வரும். எனக்கு வேண்டியது அவருடைய காது.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ ஜில் ஜில் ரமாமணி. சிக்கலாராக வரும் சிவாஜியிடம் நாயனத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பாரே... பாருங்கள், நான் சொல்வதற்குள் சிரிக்கிறீர்கள். அந்த இழுப்பு நாடகக் கொட்டகைத் தமிழ். சிவாஜியே சிரிப்பை அடக்க உதட்டை இறுக்கிக்கொள்கிற மாதிரி இருக்கும். அதே 1968-ல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் ‘வா வாத்யாரே’ பாட்டு, அசல் மெட்ராஸ். ‘சம்சாரம் அது மின்சாரம்’ வேலைக்காரி கண்ணம்மா வாயில் வருவதும் மெட்ராஸ்தான், ஆனால் இது வீடு கூட்டுகிற மனுஷியின் மெட்ராஸ், அதில் ஓர் அதட்டல் இருக்கும். ‘சின்னக் கவுண்டர்’ ஆத்தா வாயைத் திறந்தால் கொங்குச் சீமை. சென்னை வானொலியில் ஒரு நாடகத்துக்காகச் செட்டிநாட்டுப் பேச்சில் வெளுத்துவாங்கப் போய்த்தான் எல்லாரும் அவரை ‘ஆச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் ஆச்சி என்றால் செட்டியார் வீட்டுப் பெண்மணி என்று இங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. வீட்டு வேலை செய்தவரின் மகளுக்கு அந்தப் பெயர் வந்தது, ஊர் உலகமே அப்படிக் கூப்பிட்டது. பள்ளத்தூர்க்காரனான எனக்கு ஏ.எம்.எம். பெயரைவிட இதில்தான் பெருமை அதிகம். ஊரில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

இத்தனை தமிழை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பள்ளிக்கூடமே பாதியில் நின்றுபோனது. நம்ம செட்டிநாட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்புத் திண்ணையில் கணக்குப்பிள்ளை ஒரு தமிழ் பேசுவார். வளவில் ஆச்சிமார் பேசுவது வேறு. இரண்டாங்கட்டில் சமையல்காரர்களும் தண்ணீர் சுமக்கிறவர்களும் பேசுவது இன்னொன்று. இடுப்பில் குழந்தையோடு முகப்புக்கும் அடுப்படிக்கும் நடக்கிற பிள்ளையின் காதில் எல்லாம் விழும். அந்தப் பிள்ளையோ மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர்த் தமிழோடு வந்தவள். வெளியூர்ப் பிள்ளை என்பதால்தான் அவ்வளவு கூர்ந்து கேட்டிருப்பாள் என்பது என் எண்ணம். உள்ளூர்க்காரனுக்குத் தன் பேச்சில் இழுப்பு இருப்பதே தெரியாது.

நம் சினிமா மீது எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. வட்டார வழக்கு என்றாலே சிரிக்க வைக்கத்தான் என்று ஆக்கிவிட்டார்கள், கதாநாயகனுக்கு மட்டும் புத்தகத் தமிழ். மனோரமா அந்தச் சிரிப்புக்குத்தான் சம்பளம் வாங்கினார். ஆனாலும் கண்ணம்மாவைப் பார்த்து யாரும் வேலைக்காரியைக் கேலி செய்யவில்லை, கண்ணம்மாவின் பக்கம் நின்றுதான் சிரித்தோம். அந்த இடத்தில்தான் அவர் பெரிய நடிகை.

மனோரமாவின் காதைப் பற்றிச் சொன்னேன். இப்போது உங்கள் பிள்ளைகளின் காதுக்காகப் பெற்றோர்களுக்கு வருகிறேன். பிள்ளைகளே, நீங்கள் போனைப் பாருங்கள், இது உங்களுக்கு இல்லை.

போன கோடையில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பேரன் வந்தான். எட்டு வயசு இருக்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவனாம். அப்பத்தாவைப் பார்த்ததும் கைகூப்பி, “அப்பத்தா, தாங்கள் உணவு அருந்திவிட்டீர்களா?” என்றான். வீடே சிரித்தது. மாமன் சிரித்தான், அயித்தை சிரித்தாள், பால்காரர்கூட நின்று சிரித்துவிட்டுப் போனார். பையன் முகம் சுருங்கிப்போனது. அதற்கப்புறம் விமானம் ஏறும்வரை ஒரே ஆங்கிலம்தான். அப்பத்தாவுக்கு அவன் பேசியது ஒன்றும் புரியவில்லை.

அந்தப் பையன் மேல் என்ன தப்பு? அவன் காதில் விழுந்த தமிழ் பாடப்புத்தகம் மட்டும்தான். வாரத்துக்கு ஒருநாள் வகுப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் சண்டை போடுகிறீர்கள். ஊரிலிருந்து ஆயா போன் செய்தால், “ஆயாவுக்கு ஹலோ சொல்லு” என்று ஐந்து நொடி காட்டிவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். (சிரிக்காதீர்கள், அத்தனை பேரும் செய்கிறீர்கள்.) வட்டி, நிலம், யார் வீட்டுக் கல்யாணம், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று ஆயா பேசுவதெல்லாம் பிள்ளை காதில் விழட்டும். பாதி புரியாது. புரியாமல் கேட்டே வளர்ந்தவர்கள்தானே நாம்?

வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த ஆசிரியைகள் சம்பளம் இல்லாமல் உழைக்கிறவர்கள், அவர்களுக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள். வகுப்பில் எழுத்து வரும். பேச்சு வீட்டில்தான் வரவேண்டும். பிள்ளை தப்பாகப் பேசினால் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது உங்கள் அண்ணன் தம்பிகளிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் குறள் ஒப்புவித்தல் இருக்கட்டும், மாறுவேடப் போட்டியும் இருக்கட்டும். கூடவே அரை மணி நேரத்துக்கு ஒரு நாடகம் வையுங்கள். சந்தைக்கடை, கல்யாண வீடு, எதுவானாலும் சரி. ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டி பேசுகிற தமிழில் பேசவேண்டும். நெல்லை, கொங்கு, மதுரை, மெட்ராஸ், யாழ்ப்பாணம், செட்டிநாடு எல்லாம் ஒரே மேடையில் வரட்டும். வசனத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளையே பாட்டிக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். வாசலில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். சாப்பிடப் போவதற்கு முன்னால் உங்கள் பிள்ளையின் பெயரையும் பாட்டியின் ஊரையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.