தங்க அனுமதி: செஞ்சிக் கோட்டையும் அயல்நாட்டில் வாழ்வோரும்

ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த ஊரில் ஒரு பேச்சு நடக்கட்டும் என்று பணம் ஒதுக்கிவைத்த பெரியவரை வணங்குகிறேன். முன்வரிசையில் என் பழைய நண்பர்கள் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். நான் எதைப் பேசப்போகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். கருத்தரங்குகளில் தேநீர் இடைவேளைதோறும் நாங்கள் போட்டுக்கொள்ளும் சண்டைதான். இன்று ஒலிபெருக்கி என் கையில் இருக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

பல்லாண்டுகள் வெளிநாட்டில் வாழ்பவர்களைப் பற்றி நம் துறையில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஊர் ஏக்கம், அடையாளம், பிள்ளைகளின் தமிழ், கோயில் கட்டியது, சங்கம் வைத்தது. எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அயல்நாட்டில் இருக்கும் ஒருவரிடம் முதலில் கேட்க வேண்டியவை வேறு. யார் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு அங்கே இருக்கிறீர்கள்? அந்தத் தாளுக்கு எத்தனை நாள் ஆயுள்? கொடுத்தவர் மனம் மாறினால், அல்லது கொடுத்தவரே போய்விட்டால், உங்கள் கதி என்ன? இவற்றைக் கேட்காமல் ஏக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் நான் செஞ்சியை உதாரணம் காட்டுவேன். நண்பர்கள் உடனே எழுந்து, பீரங்கியோடு வந்த கம்பெனிக்காரனையும் கூலிக்காரனையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே என்பார்கள். வைக்கத்தான் போகிறேன்.

கம்பெனிக்காரர் என்று அவர்கள் சொல்வது பிரான்சுவா மார்த்தேனை. 1634இல் பாரீசில் பிறந்தவர். 1665இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ்நிலை வணிகராகக் கப்பலேறினார். மனைவி மாரி பிரான்சிலேயே இருந்துவிட்டார். கணவனும் மனைவியும் மறுபடி ஒரே வீட்டில் குடியிருக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. நம் வட்டாரத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகளுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. மடகாஸ்கர், சூரத், மசூலிப்பட்டினம் என்று சுற்றி, 1674இல் புதுச்சேரிக்கு வந்து நிலைத்தார். 1706 டிசம்பர் இறுதியில் அங்கேயே இறந்தார். கப்பலேறிய பின் பிரான்சை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை.

அவர் எந்த உரிமையில் புதுச்சேரியில் இருந்தார்? கேள்வி இதுதான். பிஜப்பூர் சுல்தானின் கீழ் வாலிகொண்டபுரத்தை ஆண்ட ஷேர் கான் லோடி இடம் கொடுத்தார், இருந்தார். ஷேர் கானுக்கு மார்த்தேன் கடனும் கொடுத்து வைத்திருந்தார். வளைகுடாவில் இன்று விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியைக் கஃபீல் என்று சொல்கிறோமே, அந்த ஆள்தான் ஷேர் கான். அவர் இருக்கும்வரை இவர் இருக்கலாம். 1677இல் சிவாஜி தெற்கே வந்தார், செஞ்சி அவர் கைக்குப் போனது, ஷேர் கான் தோற்று ஓடினார். மார்த்தேனின் கையிலிருந்த தாள் ஒரே பருவத்தில் வெறுங்காகிதமாயிற்று.

அப்போது அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். பீரங்கியை இழுத்து நிறுத்தவில்லை, நிறுத்தும்படி அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெர்மேன் என்ற தம் ஆளைச் சிவாஜியிடம் தூதனுப்பினார். கிடைத்த பதிலை மார்த்தேனே தம் நினைவுக்குறிப்புகளில் பதிந்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அச்சமின்றி இருக்கலாம். ஆனால் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. மராட்டிய ஆட்களுக்குச் சின்ன அவமதிப்பு நேர்ந்தாலும் தயவு தாட்சண்யம் கிடையாது. ஊரை நிர்வகிக்க ஓர் அவல்தார் வருவார். நிபந்தனைகளோடு வந்த குடியிருப்பு அனுமதி என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பெயர்? அரசியலில் தலையிடாதே, உள்ளூர் ஆளை மதி, அதிகாரி சொல்வதைக் கேள். இன்றைய விசாவின் பின்பக்கத்தில் அச்சிட்டாலும் பொருந்தும்.

இதோடு முடியவில்லை. 1680இல் சிவாஜி இறந்தார். அடுத்து செஞ்சிப் பகுதியை ஹர்ஜி மகாடிக் நிர்வகித்தார், மீண்டும் தூது, மீண்டும் காணிக்கை. 1689இல் சிவாஜியின் மகன் ராஜாராம் மராட்டிய நாட்டைவிட்டுத் தப்பி வந்து இந்தக் கோட்டைக்குள் புகுந்தார். அடுத்த ஆண்டே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் முற்றுகை தொடங்கினார். முற்றுகை 1698 வரை இழுத்தது. நண்பர்கள் கட்டுரைகளில் இது வீரக் கதை. நான் அதைப் பணக் கதையாகவும் படிக்கிறேன். மூன்று மலைகளிலும் காவல் நிறுத்த வேண்டும், உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு போட வேண்டும், படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ராஜாராமுக்குப் பணம் வேண்டும். கடற்கரையில் இருந்த ஐரோப்பியர்களுக்கு இடமும் சுவர் எழுப்ப அனுமதியும் வேண்டும். மார்த்தேனுக்குக் கோட்டைச் சுவர் எழுப்ப இசைவு கிடைத்ததும் மராட்டியரிடமிருந்துதான்.

1690இல் ஆங்கிலேயர் வந்தார்கள். அப்போது சென்னை ஆளுநர் எலிகு யேல். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ராஜாராமிடம் விலைக்கு வாங்கினார்கள். எல்லை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட வேண்டும், குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலம் ஆங்கிலேயருக்கு. எங்கிருந்தோ நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டார்கள். கடலூர்ப் பக்கத்துச் சில ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் நிலைத்தது அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. பீரங்கி வைத்திருந்தவர்களே அதை நிலம் அளக்கும் கோலாகத்தான் பயன்படுத்தினார்கள். நிலம் கிடைத்தது செஞ்சியில் முத்திரையான பத்திரத்தால்.

இப்போது 1693. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். டச்சுக்காரர்களுக்குப் புதுச்சேரி வேண்டும். ஐரோப்பாவில் பிரான்சோடு அவர்களுக்குப் போர் நடக்கிறது. கப்பல் இருக்கிறது, படை இருக்கிறது. மார்த்தேனிடம் உள்ள ஆட்களோ கொஞ்சம். நண்பர்கள் சொல்வது உண்மையானால், அதாவது அன்றைக்கே எல்லாம் பீரங்கிதான் என்றால், டச்சுக்காரர்கள் நேரே வந்து சுட்டிருக்க வேண்டும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. முதலில் ராஜாராமிடம் பணம் கட்டிப் புதுச்சேரியைத் தங்கள் பெயருக்கு வாங்கினார்கள். மார்த்தேன் குடியிருந்த ஊர், அவர் தெரு போட்ட ஊர், அவர் தலைக்குமேலேயே விற்கப்பட்டது. பிறகுதான் கப்பல்கள் வந்தன, செப்டம்பரில் ஊர் வீழ்ந்தது. சுட்டே பிடிக்கக்கூடிய ஊரை எதற்காகப் பணம் கொடுத்து வாங்க வேண்டும்? செஞ்சியின் தாள் இல்லாமல் பிடித்தால் அந்த ஊரில் நெசவாளி நெய்ய மாட்டான், வணிகன் வர மாட்டான், அடுத்த மழைக்குள் உள்நாட்டுப் படை ஒன்று வாசலில் நிற்கும். கொள்ளைக்காரன் என்ற பெயரோடு கடற்கரையில் தங்க முடியாது என்று டச்சுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பேராசிரியர்களுக்குத்தான் தெரியவில்லை.

மார்த்தேன் பத்தாவியா வழியாக வங்காளத்துச் சந்திரநாகூர் போய்ச் சேர்ந்தார். 1697இல் ரிஸ்விக் உடன்படிக்கைப்படி புதுச்சேரியைத் திருப்பித் தர முடிவாயிற்று. அங்கே தாங்கள் செய்த கோட்டை வேலைக்குப் பணத்தை வாங்கிக்கொண்டுதான் 1699இல் டச்சுக்காரர்கள் வெளியேறினார்கள். அந்த உடன்படிக்கையில் செஞ்சியை யாரும் கேட்கவில்லை. கேட்கச் செஞ்சியில் ராஜாராமும் இல்லை, 1698இல் கோட்டை முகலாயரிடம் போய்விட்டது. நண்பர்களுக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் இது. இதற்குப் பிறகு அவர்கள் சொல்வது சரி. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் படை இந்தக் கோட்டைக்குள்ளேயே நுழைந்தது, 1761 வரை பிரெஞ்சுக் கொடி பறந்தது. ஆனால் 1750இன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 1677ஐப் படிக்காதீர்கள். சிவாஜியின் பதிலுக்காகக் காத்திருந்த மார்த்தேன், அந்த நாட்களில், விசா புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் ஆள்தான்.

(2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. மகிழ்ச்சி. வைக்கப்போகும் பலகையில் இந்தப் பத்திரக் கதைக்கும் இரண்டு வரி ஒதுக்கினால் நல்லது.)

இன்றைக்கு வருகிறேன். செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவருக்கு வயது முப்பதானாலும் அறுபதானாலும் குடியிருப்பு அனுமதி முதலாளியின் பெயரோடுதான் ஒட்டியிருக்கும். ஐம்பது வயதைத் தாண்டாத, பத்தாம் வகுப்பு தேறாதவர் என்றால், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டப்படி பெரும்பாலும் இங்கேயே ஓர் அனுமதி வாங்கியாக வேண்டும். 'ஃப்ரீ விசா' என்று ஏஜென்ட் சொல்வதற்கு லட்சக்கணக்கில் பணம் போகிறது. அது ஒருவர் பெயரில் விசா, வேறொருவரிடம் வேலை. பிடிபட்டால் சட்டவிரோதம். கத்தார் 2020இலும் சவூதி 2021இலும் வேலை மாறும் விதிகளைத் தளர்த்தின. ஆனாலும் கால் நூற்றாண்டு அங்கே உழைத்தவருக்கும் குடியுரிமை கிடைப்பது அரிதிலும் அரிது. விசாவைக் கேன்சல் அடித்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இதைவிடக் கொடுமை சொந்த ஊரில் நடக்கிறது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வேலைக்காக வெளிநாடு போனவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீடோ மனையோ வாங்கலாம், மல்லாட்டை போடும் கொல்லையை வாங்க முடியாது. என்ன செய்கிறார்கள்? அப்பா பெயரில் வாங்குகிறார்கள். அப்பா உயில் எழுதாமல் கண்ணை மூடினால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. என் பணம் என்று இவர் கோர்ட்டுக்குப் போனால், பினாமிச் சட்டம் வழக்கையே உள்ளே விடாது. பாலைவனத்தில் இருபது வருடம் வெயிலில் நின்றவருக்கு நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ. பத்திரம் எழுதுபவர்களைக் கேளுங்கள், இதுபோல எத்தனை என்று சொல்வார்கள்.

பவர் பத்திரமும் அப்படித்தான். தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டு அனுப்பினால் போதும் என்று நினைக்கிறார்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். அவர் இறந்தால் பவரும் இறந்தது.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டம் 9ஆம் பிரிவுப்படி, வாங்கிய கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்று பெயர் கொண்ட ஓசிஐ அட்டை குடியுரிமை அல்ல, அதில் ஓட்டும் கிடையாது, விவசாய நிலம் வாங்கவும் முடியாது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962 ஆகஸ்டு 16க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார், மற்றவர் இந்தியரானார். அடுத்தடுத்த வீடுகளில் அண்ணன் ஒரு நாட்டுக்காரர், தம்பி வேறு நாட்டுக்காரர்.

எதிர்த்திசையில் வந்தவர்களும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். வானூர்ப் பக்கம் ஆரோவில்லில் 1968 முதல் வாழும் வெளிநாட்டவருக்கு விசா நீட்டிக்க அறக்கட்டளையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், அது 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நிறுவனம். அவர்கள் கட்டிய வீடு அவர்களுக்குச் சொந்தமில்லை. மார்த்தேனைப் பற்றிய என் கட்டுரையை மறுத்த நண்பர் ஒருவர் ஆரோவில்லைப் பற்றி எழுதியபோது இதே கேள்விகளைத்தான் கேட்டார். அவரே இங்கே இருப்பதால் மேலே சொல்லவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மாணவர்களுக்குச் சில வேலைகள். நம் பதிவாளர் அலுவலகங்களில் வெளிநாட்டிலிருந்து வந்த பவர் பத்திரங்களை ஆண்டுவாரியாகத் தொகுக்கலாம். அப்பா பெயரில் வாங்கிய நிலங்கள் எங்கே போய் முடிந்தன என்று ஓர் ஊரை எடுத்துக்கொண்டு கேட்கலாம். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வெளிநாட்டு இந்தியர் வாக்காளராகலாம், ஆனால் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். இந்தத் தொகுதியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று யாராவது பாருங்கள். மார்த்தேன் குறிப்புகளில் செஞ்சி தொடர்பான பகுதிகள் மட்டுமாவது பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வர வேண்டும், புதுச்சேரி நண்பர்கள் மனம் வைத்தால் நடக்கும். ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் நாளாக அரசு கொண்டாடுகிறது. அன்றைக்கு ஊர்தோறும் ஒரு வழக்கறிஞரை உட்காரவைக்கும் யோசனையை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.